ஐந்து இலக்க ரோட்டில் மணப்பெண் புறப்பாடு

ட்ரம்ஷானி,
ஜூலை மாதம், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில்.

மெல்போர்ன் மாநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம் பார்க்கும் என் அக்காள் மகள் ப்ரோனாவுக்கு, அவளுடைய ஒரே தாய்மாமன் மாலக்கி ஃபீனி நிறைந்த மனதோடும் ஒழுகுகிற பேனாவோடும் எழுதிக்கொண்டது. இங்கே நானும் பசுக்களும் கோழிகளும் நாயும் சுகம். என் இடது இடுப்பு மட்டும் வலிக்கிறது. ஆனால் மழை வரப்போவதை அது ரேடியோவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவதால் அதையும் சுகத்தின் கணக்கிலேயே சேர்த்திருக்கிறேன். அங்கே நீயும், மாப்பிள்ளை ட்ரெவரும், அவருடைய அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்போது அங்கே குளிர்காலம் என்று சொன்னாய். ஜூலையில் குளிர்காலம் வைக்கிற ஊரை நான் நம்புவதில்லை, இருந்தாலும் போர்த்திக்கொண்டு படு.

முதலில் தலைப்புச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்துகொள். ரோடு விஷயம் ஜெயித்துவிட்டது. சாதாரண ஜெயம் இல்லை, இந்த மாவட்டத்தில் இதற்கு முன் யாரும் காணாத ஜெயம். நீ போனில் என்ன கேட்டாய் என்பது எனக்கு வார்த்தை தப்பாமல் ஞாபகம் இருக்கிறது. "மாமா, எனக்கு எதுவும் செய்ய வேண்டாம். எங்கம்மா கல்யாணத்துக்குப் புறப்பட்ட அதே வாசல்லேருந்து நானும் புறப்படணும், அவ்வளவுதான். ஆனா கார்க்காரர் நம்ம ரோட்டுக்குள்ள வர மாட்டேங்கிறார். அதை மட்டும் எப்படியாவது சரிபண்ணிக் குடுங்க" என்றாய். போனை வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். உன் அம்மா அட்ராக்டா இந்த வாசலிலிருந்து புறப்பட்ட காலை என் கண்முன்னால் வந்தது. நீளமான கறுப்புக் கார், முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு, வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர், ரோட்டின் இரண்டு பக்கமும் ஊர் முழுக்கத் தொப்பியைக் கழற்றி நின்றது, அக்காவின் தலைக்கு மேல் நான் குடை பிடித்தது. காரே நம் ரோட்டைத் தொடாமல் மிதந்து போனது மாதிரி இருந்தது. அப்படி ஒரு புறப்பாட்டை அவள் மகளுக்கு நடத்திக் காட்டாவிட்டால் நான் தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு என்ன பிரயோஜனம்.

கார்க்காரரை நானே வரவழைத்தேன். தந்த நிறத்தில் பழைய காலத்துக் கார், வயிறு தரையில் உரசுகிற மாதிரி தாழ்ந்த வண்டி. ட்ரெவரின் அம்மா படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாம், நல்ல ரசனை. மனுஷர் முதல் குழியிலேயே வண்டியை நிறுத்தி இறங்கி, உள்ளே யாரோ விழுந்துவிட்ட மாதிரி குனிந்து எட்டிப் பார்த்தார். "தார் எதுவரைக்கும் வருதோ அதுவரைக்கும் நானும் வருவேன். அதுக்கு மேல ஒரு அடி கூட வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சரி, தார்தானே வேண்டும் என்று நான் மறுநாளே ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு மாவட்ட ஆபீசுக்குக் கிளம்பினேன்.

அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண். ரோடு நம்பர் என்ன என்றாள். ரோட்டுக்கு எதுக்கும்மா நம்பர், அது எங்கேயும் தொலைஞ்சு போறதில்லையே என்றேன். வழி சொன்னேன், நம் ஊரில் எல்லாரும் சொல்வது போலத்தான்: ஸ்வானி கடை எரிந்துபோன இடத்தில் இடது பக்கம் திரும்பு, போன வருஷம் பாதிரியார் காரைச் சாய்த்த பள்ளத்தைத் தாண்டு, கோல்மன் டைக் சாய்ந்துகொண்டு பொய் சொல்கிற மதில் வரும், அதையும் தாண்டிப் போனால் ரோடு சதுப்பில் போய் முடிகிற இடத்தில் என் வீடு. பாவம், அந்தப் பெண் நகரத்துப் பெண், இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் புரியவில்லை. கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். அம்மாடி, அதைப் பார்த்திருக்க வேண்டும் நீ. நம் மாவட்டம் முழுக்க மெல்லிய நூல் நூலாக ரோடுகள், சந்துபொந்து ஒன்று விடாமல், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். மேரி ஃபோலனின் வீட்டுக்கும் அவளுடைய கோழிக் கொட்டகைக்கும் நடுவில் ஓடுகிற பாதைக்குக்கூட எண் இருக்கிறது. நாம் இத்தனை காலமும் எண்களின் மேல் நடந்துகொண்டிருந்திருக்கிறோம், ஒருவருக்கும் தெரியவில்லை. நான் சதுப்பின் ஓரத்தில் விரலை வைத்தேன். "இதுவா? இது எல் 40713" என்றாள்.

ப்ரோனா, மறுபடி ஒரு தடவை படி. நாற்பதாயிரத்து எழுநூற்றுப் பதின்மூன்று. டப்ளினுக்குப் போகிற பெருஞ்சாலை இருக்கிறதே, அகலம், விளக்கு, நடுவில் இரும்பு வேலி என்று ஆர்ப்பாட்டம் பண்ணுகிறதே, அதன் எண் என்ன தெரியுமா? நாலு. வெறும் நாலு. ஒற்றை இலக்கம். கோவில் பக்கம் போகிற ரோட்டுக்கு நாலு இலக்கம். நமக்கு ஐந்து. நான் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்தவன் இல்லை, ஆனால் நாலை விட நாற்பதாயிரம் பெரிது என்று தெரிந்துகொள்ள அதிக நாள் உட்கார வேண்டியதில்லை. ஆபீசை விட்டு வெளியே வந்தபோது இடுப்பு வலியே இல்லை.

அன்று சாயங்காலம் கில்ஹூலியின் மதுக்கடையில் நான் இதை அறிவித்தபோது கடையே என் பக்கம் திரும்பியது. கில்ஹூலி கிளாஸ் துடைப்பதை நிறுத்திவிட்டார். சிலர் சிரித்தார்கள், அது பெருமைச் சிரிப்பு. கோல்மன் டைக் மட்டும் மூலையில் உட்கார்ந்துகொண்டு, "அஞ்சு இலக்கமா? உன் குழியை எல்லாம் எண்ணி எழுதியிருப்பாங்க மாலக்கி" என்றான். உனக்குத் தெரியும், கோல்மனின் வீடும் நம் ரோட்டில்தான், கீழே பாதி வழியில். ஆனால் நான் சதுப்பிலிருந்து அடுப்பெரிக்கக் கரிமண் ஏற்றி வந்த டிரெய்லர் அவன் கேட் தூணைச் சாய்த்ததாக அவன் சொன்ன நாளிலிருந்து நாங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வணக்கத்துக்கு ஸ்டியரிங்கிலிருந்து விரல் தூக்குவதில்லை. தூண் அதற்கு முன்பே சாய வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தது. நான் அதற்கு உதவி மட்டுமே செய்தேன். விரல் தூக்காமல் ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாக வண்டி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒருவர் பின்னோக்கிப் போக வேண்டும், அப்போது எங்கே பார்ப்பது. நாங்கள் இருவரும் வானத்தைப் பார்ப்போம்.

இரண்டாவது தடவை ஆபீசுக்குப் போனபோது அந்தப் பெண், தார் போடுவதென்றால் ரோட்டில் எவ்வளவு வண்டி போகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். தாராளமாகப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நாளில் ஒருவன் வந்து, ரோட்டின் முகப்பில் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாயை ஆணி அடித்துப் பதித்து, அதன் முனையை ஒரு பெட்டியில் செருகி, பெட்டியை வேலி மரத்தில் பூட்டிவிட்டுப் போனான். தபால்காரர்தான் விளக்கினார். வண்டிச் சக்கரம் அதன்மேல் ஏறும் ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் ஒரு எண் கூடுமாம். ஏறினாலும் கூடும், இறங்கினாலும் கூடும். "யாருக்கும் சொல்லாதீங்க" என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் மதில்மேல் ஏறி நின்று எல்லாருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிட்டேன். அட்ராக்டாவின் மகள் அம்மா வாசலிலிருந்து புறப்பட ஆசைப்படுகிறாள், ஒவ்வொரு சக்கரமும் அவளுக்கு ஒரு கல்யாணப் பரிசு என்றேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவர் ஒருவரும் இல்லை. மழையும் பெய்துகொண்டிருந்தது.

அந்த வாரத்தை நான் எப்படி எழுதுவேன். திங்கட்கிழமை பால் லாரி வந்தது, நாம் லாரிக்குப் பால் ஊற்றுவதில்லை என்றாலும் வந்தது. நடமாடும் நூலக வண்டி வந்தது. சின்னப் பையன்களின் கால்பந்துக் குழுவை ஏற்றிக்கொண்டு பஸ் வந்தது, பையன்கள் போகும்போதும் வரும்போதும் பாடினார்கள். மேரி ஃபோலன் தன் கடைசி மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க நம் ரோட்டைத் தேர்ந்தெடுத்தாள், அந்தப் பெண் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டதே அந்தக் குழாயின் மேல்தான், முன்னும் பின்னுமாக ஒரு மத்தியானம் முழுக்க. அத்தனை வண்டியும் வந்து திரும்புவது நம் முற்றத்தில். கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டன. வருகிற ஒவ்வொருவருக்கும் விரல் தூக்கித் தூக்கி, என் வலது ஆள்காட்டி விரல் வீங்கிப்போய், புதன்கிழமை முதல் இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். பசுக்களையும் குழாயின் மேல் நடத்தலாமா, ஒரு பசுவை இரண்டு அச்சு வண்டியாகக் கணக்கில் எடுக்குமா என்று ஃபாதர் டெவனியிடம் கேட்டேன். அது திருச்சபை தீர்மானிக்கிற விஷயம் இல்லை என்று அவர் நழுவிவிட்டார். நான் நடத்தினேன்.

எல்லாவற்றுக்கும் மகுடம் பேக்கி கோர்ம்லியின் சவ ஊர்வலம். அந்த வாரம்தான் அவர் காலமானார், அவருக்கு நேரம் பார்த்துக் காரியம் செய்யத் தெரியும். சவ வண்டியை இறந்தவர் வாழ்ந்த இடம், உழைத்த இடம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதுதானே நம் வழக்கம். பேக்கி ஒரு காலத்தில் நம் சதுப்பில் கரிமண் வெட்டியவர். நான் அவர் மனைவி நோரீனிடம் போய், துக்கம் விசாரித்த கையோடு, அவர் உழைத்த இடத்தைக் கடைசியாக ஒரு தடவை காட்ட வேண்டாமா என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி போகட்டும்" என்றாள். சவ வண்டி முன்னால், பின்னால் நம் ஊர் மொத்தமும் கார் காராக. முற்றத்தில் அத்தனை கார்கள் ஒரேயடியாகத் திரும்ப முடியாததால், முன்னால் போன சவ வண்டி வெளியே போய், கடைசிக் கார்களுக்கு வழிவிட்டு, வரிசை கலையக் கூடாது என்று மறுபடி உள்ளே வந்து, மறுபடி வெளியே போக வேண்டியதாயிற்று. நோரீன் கார் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள். "உயிரோட இருந்தப்ப சதுப்புக்குப் போங்கன்னா முதுகு வலின்னு படுத்துக்குவார் மாலக்கி. செத்தப்புறம்தான் ஆளுக்குச் சுறுசுறுப்பு வந்திருக்கு" என்றாள். நல்ல மனசுக்காரி.

இத்தனை வண்டி போனதில் குழிகள் கொஞ்சம் பெரிதாயின என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்பு இருந்தவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டு சேர்ந்துகொண்டன. நடுவில் இருந்த புல் போய்விட்டது. கோல்மன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இடையே உள்ள பெரிய குழியில் ஒரு காட்டு வாத்து வந்து தங்கிவிட்டது, குஞ்சு பொரிக்கிற உத்தேசம் போல. அதனால் என்ன, எப்படியும் தார் வரப்போகிறது, குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தார் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன்.

பெட்டியைத் திறந்து பார்த்த இன்ஜினியர் நேரிலேயே வந்துவிட்டாள். டெர்வ்லா ஸ்கேன்லன் என்று பெயர், இளம் பெண், மஞ்சள் சட்டை, ஆபீஸ் வேன். நான் தேநீர் போட்டு, பன்றித் தொடை சாண்ட்விச்சும் உலர்திராட்சை ரொட்டியும் வைத்து, மதிலோரம் வெயிலில் நாற்காலி போட்டேன், அன்று கால் மணி நேரம் வெயில் இருந்தது.

"ஐயா, இந்த ரோட்டில மொத்தம் எத்தனை வீடு?" என்றாள்.

"நாலு. அதில ஒண்ணு காலி."

"டவுன்ல இருக்கிற ரவுண்டானாவில கூட இத்தனை வண்டி போகலையே?"

"வீடு கம்மிதான் அம்மா. ஆனா நாங்க சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுங்க இல்லை" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், முற்றத்தில் இருந்த சக்கரத் தடங்களைப் பார்த்தாள், பசுக்களைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். என்ன விஷயம் என்று கேட்டாள், நான் உன் கல்யாணத்தைச் சொன்னேன், அம்மா வாசலைச் சொன்னேன், கார்க்காரரைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல பெண், மனசு இளகிவிட்டது. அப்புறம் சொன்னாள்: "சரிங்க ஐயா. பெட்டியில இருக்கிறது இருக்கு, அதை நான் மாத்தி எழுத முடியாது. இந்த ரோட்டோட தரத்தையே மாத்திடறேன். இனிமே இதுக்கு நாலு இலக்கம்."

ப்ரோனா, என் கையில் இருந்த கோப்பை தானாகக் கீழே வந்தது. நாலு இலக்கம். இத்தனை வண்டி ஓட்டி, ஒரு சவத்தைக்கூட வேலை வாங்கி, கடைசியில் நம்மிடமிருந்து ஒரு இலக்கத்தைப் பிடுங்கப் போகிறார்கள். நான் எழுந்து நின்றேன். என் அப்பா காலத்திலிருந்து ஐந்து இலக்கமாக இருந்த ரோடு இது என்றேன். (அப்பா காலத்தில் எண் இருந்ததா என்று கேட்காதே, இருந்திருந்தால் ஐந்தாகத்தான் இருந்திருக்கும்.) அவள், "ஐயா, நாலு இலக்கம்னா என்னன்னா" என்று ஆரம்பித்தாள். நான் இன்னொரு துண்டு ரொட்டியை அவள் தட்டில் வைத்தேன். "இல்லைங்க, எண் குறையக் குறைய" என்றாள். நான் தேநீரை ஊற்றினேன். "தார் விஷயத்தில என்னன்னா" என்றாள். தாரைப் பற்றி நீ கவலைப்படாதே அம்மா, இலக்கம் இருந்தால் தார் தானாக வரும் என்றேன். விருந்தாளியைப் பேசவிட்டுப் பட்டினி போடுகிற குடும்பம் இல்லை நம்முடையது.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எழும்பியது. கோல்மன். தன் ஆட்டைத் தேடி வந்தவன் போல எவ்வளவு நேரமாக அங்கே குனிந்திருந்தானோ. "மேடம், எனக்கு நாலு போதும். மூணு மிச்சம் இருந்தா அதையும் குடுங்க" என்றான். பார், மானம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது.

ஆட்சேபம் இருந்தால் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்று டெர்வ்லாவே சொன்னாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். நான் அந்த நிமிஷமே இறங்கிவிட்டேன். ஊர் முழுக்கச் சுற்றினேன். நம் ஆட்கள் கையெழுத்து என்று கேட்டால் இல்லை என்று சொல்கிறவர்களா? கில்ஹூலி எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, ஆனால் போடும்போது அவர் தோள் குலுங்கியது, உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். நோரீன் கோர்ம்லி, இது வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று கேட்டாள். ஐந்து வேண்டும் நாலு வேண்டாம் என்றேன். தன் பெயரில் ஒன்று, பேக்கியின் பெயரில் ஒன்று போட்டுக் கொடுத்தாள். நம் ரோட்டிலேயே கையெழுத்துப் போடாதவன் ஒருவன்தான், யார் என்று உனக்கே தெரியும்.

நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது டெர்வ்லா வேனில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். படித்து முடித்து ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஒரு ஊரே ஒரு ரோட்டின் மேல் இவ்வளவு பாசம் வைத்திருப்பதை அவள் பார்த்திருக்க மாட்டாள். பிறகு நிமிர்ந்து, "ஐயா, நான் ஒண்ணு செய்யறேன். கையெழுத்துப் போடாதவர் கேட் வரைக்கும் நாலு இலக்கம் ஆக்கிடறேன். அதுக்கு மேல உங்க பக்கம் உங்க விருப்பப்படியே அஞ்சா இருக்கட்டும். ஆனா நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டில கல்யாணம் இருக்குன்னீங்களே" என்றாள்.

"கல்யாணத்துக்குத்தான் அம்மா இத்தனை போராட்டமும்" என்றேன்.

அவள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் மீதி இருந்த ரொட்டியைப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டேன்.

ஆக, ஜெயம். கோல்மன் கேட் வரைக்கும் அற்பமான நாலு. அங்கிருந்து நம் வாசல் வரைக்கும் முழுசாக ஐந்து, ஒன்று குறையாமல். பழைய கொட்டகைக் கதவைக் கழற்றி வெள்ளையடித்து அதன்மேல் எல் 40713 என்று நானே எழுதி, சரியாக நம் பக்கம் தொடங்குகிற இடத்தில், கோல்மன் தன் ஜன்னலைத் திறந்தால் அதைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி நட்டுவைத்திருக்கிறேன். ஒவ்வொரு இலக்கமும் ஒரு கன்றுக்குட்டி உயரம். கார்க்காரருக்கும் ட்ரெவரின் அம்மாவுக்கும் வழி தவற வாய்ப்பே இல்லை.

இதோ இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து சத்தம் கேட்கிறது. ரோடு ரோலர். பொய் இல்லை, காலையில் மஞ்சள் வண்டிகள் வரிசையாக வந்து, ஜல்லி கொட்டி, தார் ஊற்றிக்கொண்டு கோல்மன் வீட்டை நோக்கி ஏறிக்கொண்டிருக்கின்றன. தார் வாசனை ஜன்னல் வழியாக வருகிறது, எனக்குக் கல்யாண விருந்து வாசனை மாதிரி இருக்கிறது. நாலு இலக்கக்காரனுக்கே இவ்வளவு உபசாரம் என்றால் ஐந்து இலக்கத்துக்கு என்னவெல்லாம் செய்வார்கள் என்று நீயே யோசித்துக்கொள். வெள்ளைக் கோடு போடுவார்கள். விளக்குகூட வைக்கலாம், வைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீ செருப்பைப் பற்றிக் கேட்டாயே, எவ்வளவு உயரமான ஊசிக் குதிகால் வேண்டுமானாலும் வாங்கு. நம் வாசலிலிருந்து காருக்கு நீ நடப்பது கண்ணாடி மேல் நடப்பது போல் இருக்கும்.

எல்லாருக்கும் என் அன்பைச் சொல். மாப்பிள்ளையை நன்றாகச் சாப்பிடச் சொல், இங்கே வந்தால் நானே கவனித்துக்கொள்கிறேன். மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும், மழை உன் கல்யாணத்தன்று மட்டும் பக்கத்து மாவட்டத்துக்குப் போகட்டும், நீ ஏறுகிற எந்த வண்டியும் பாதியில் நிற்காமல் போகட்டும். உன் அம்மா மேலேயிருந்து பார்த்து, தம்பி செய்துவிட்டான் என்று சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
மாலக்கி ஃபீனி,
எல் 40713, ட்ரம்ஷானி.

பின்குறிப்பு: தார் காயும்வரை தபால் வண்டி மேலே வரவில்லை, அதனால் கடிதம் என்னிடமே இருந்தது. அதற்குள் சின்னதாக ஒரு விஷயம் நடந்துவிட்டது. ரோலர் என் போர்டு வரைக்கும் வந்தது, நின்றது, திரும்பியது. நான் ஓடிப் போய், ஐயா, முக்கியமான ரோடு இன்னும் பாக்கி இருக்கிறது என்றேன். ரோலர்க்காரர் போர்டை நிதானமாகப் படித்தார். "அஞ்சு இலக்கம்னா வரிசையில கடைசி, பெரியவரே. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எல்லாத்துக்கும் போட்டு மிச்சம் தார் இருந்தாத்தான் அஞ்சுக்கு" என்றார். என் மருமகளுக்குக் கல்யாணம் என்றேன். "அவங்க பொண்ணு கல்யாணத்துக்குள்ள வந்திடறோம்" என்றார், நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். தார் கோல்மன் கேட்டில், கத்தியால் வெட்டின மாதிரி முடிந்துவிட்டது. அந்தக் கோட்டுக்கு அப்புறம் நான், வாத்து, ஐந்து இலக்கம்.

நான் போர்டுக்குக் கீழேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோல்மன் வீட்டிலிருந்து வெளியே வந்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்து நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்து விரலைத் தூக்கினான். கையில் ஸ்டியரிங்கூட இல்லை, வெறுமனே தூக்கினான்.

"கார் என் கேட் வரைக்கும் வரும். அங்கேருந்து உன் வாசலுக்கு என்ன பண்ணப் போறே?" என்றான்.

தெரியலை என்றேன். நான் அந்த வார்த்தையைச் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அட்ராக்டா எதுல போனா?"

"கறுப்புக் கார்ல" என்றேன்.

"மாலக்கி."

"கார் கீழ முக்கில நின்னுக்கிட்டிருந்துச்சு" என்றேன்.

"அந்த முக்கு வரைக்கும்?"

"உங்கப்பா டிராக்டர்ல. பின்னாடி பெட்டியில."

"ஓட்டினது யாரு?"

"நீதான்" என்றேன். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "கவுனை இடுப்பு வரைக்கும் சுருட்டிக்கிட்டு, காலில உங்கப்பாவோட ரப்பர் பூட்ஸ், கையில வெள்ளைச் செருப்பு. ஒவ்வொரு குழிக்கும் சிரிச்சா. நீ குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடி வந்தே. அந்தப் பெரிய குழியில விழுந்தே" என்றான். பிறகு தன் டிராக்டர்ப் பெட்டியைக் கழுவப் போய்விட்டான். இன்று காலையிலிருந்து இரண்டாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருக்கிறான்.

ஆகையால், கண்ணம்மா, முதல் பக்கத்தில் இருக்கும் கறுப்புக் காரையும் கையுறையையும் அடித்துவிட்டுப் படித்துக்கொள். குடை நிஜம். உனக்கு நான் வாக்குக் கொடுத்தது ஒன்றுகூடக் குறையவில்லை: அதே வாசல், அதே குழிகள், அதே ஓட்டுநர். குடையை நான் மறுபடி பிடிக்கிறேன், இந்தத் தடவை பெட்டிக்குள் ஏறி நின்றுகொண்டு பிடிக்கலாம் என்று கோல்மன் சொல்கிறான். குழியிலிருக்கும் வாத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவோம். ஊசிக் குதிகால் செருப்பு வாங்கு, கையில் வைத்துக்கொள்ள அழகாக இருக்கும். காலுக்கு முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வேண்டும். உன் அம்மா போட்டுக்கொண்டது கறுப்பு. மெல்போர்னில் வெள்ளையில் கிடைக்கிறதா என்று பார், ட்ரெவரின் அம்மாவுக்கும் ஒரு ஜோடி சேர்த்து.